அனுபோக பாத்தியம்

பதினோரு நிமிடம்தான். எழுந்து நின்றுவிட்டார்
டாக்டர் அமலோற்பவம்.
"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்."
வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை நான்.
சொல்லையே முடிக்கவில்லை.
எண்ணூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
நயினார்மண்டபத்து மாடிப்படியில்
இடது செருப்பை வலது காலில் நுழைத்தேன்.

சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.
எப்போதும் சுவர்தான்.
முத்தியால்பேட்டை வீட்டுப் பின்கட்டில்
தம்பி வேதாசலம் என் பக்கம்
ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டிய சுவர்.
பத்தொன்பது வருட வழக்கு.
டேப் பிடித்து அளந்த கமிஷனர் ஓய்வுபெற்றாயிற்று.
என் வக்கீல் இறந்து, அவர் மகள் கறுப்புக் கோட்டு போட்டு,
அவளுக்கும் இப்போது நரை.
அந்த இடத்தில் ஒரு வாளியைக்கூட
நேராக வைக்க முடியாது.

சித்திரையில் தம்பியிடமிருந்து பதிவுத் தபால்:
இடித்துத் தருகிறேன், செலவு என்னுடையது.
படித்ததும் வயிற்றைப் புரட்டியது.
குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு
பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவன் மாதிரி
சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.
அதனால்தான் டாக்டர்.
நாலு மாதத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி:
"சுவர் போயிட்டா?"
அன்றைக்கு நான் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றிப்
பேசிவிட்டு வந்தேன்.

பூங்கோதை சொல்கிறாள்:
"கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு மட்டும்தான்
நீங்க சீட்டி அடிக்கிறீங்க."
அவளுக்குத் தெரியாதது, வாய்தா விழுந்தால்
கடலூர் சாலை ஓட்டலில் நெய் ரோஸ்ட்.
அல்சர் வயிறு. இரவெல்லாம் எரியும்.
எரிகிறபோது மல்லாந்து படுத்து
சுவரை அங்குலம் அங்குலமாக நினைத்துக்கொள்வேன்.
இதை இன்பம் என்று யாராவது சொன்னால் அறைவேன்.
இன்பத்துக்கு ஓர் இடத்தில் போதும் என்று வந்துவிடும்,
இரண்டாவது ஜாங்கிரியில்,
கடற்கரையில் கால் வலிக்கத் தொடங்கும்போது.
இதற்கு அந்த இடமே இல்லை.
வழக்கு என்றால் பழக்கம் என்றும் பொருள்,
எட்டாம் வகுப்பில் படித்ததுதான்.

என் தொழில் பத்திரம் எழுதுவது.
பழைய பிரெஞ்சுப் பத்திரங்களும் வரும்,
நொத்தேரின் சாய்வெழுத்தில், கரையான் மிச்சம் வைத்தவை.
அதில் ழூயிசான்ஸ் என்று இருந்தால்
பக்கத்தில் பென்சிலால் குறிப்பேன்: அனுபோக பாத்தியம்.
தோப்பு உனக்கில்லை. காய் உனக்கு, சாகும்வரை.
மரத்தை மட்டும் வெட்டக்கூடாது.
முப்பது வருடத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

ஏ.எஃப்.டி. கேட் மூடியிருந்தது.
விழுப்புரம் வண்டி இன்னும் வரவில்லை.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
அந்த அம்மா எங்கே வெட்டினார் என்று
வாக்கியத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்:
உங்களுக்கு என்ன தெரியும் டாக்டர்,
பத்தொன்பது வருஷமா அந்தச் சுவரை நான்தானே
அனுபவி

மிச்சம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.
வெளியே விழுந்தது ஒரு கட்டளை.

யார் குரல் என்று தெரிந்தது.
பாகம் பிரித்த அன்று பதிவு அலுவலகத்தில்
பெருவிரல் மையைச் சுவரில் துடைத்தபடி அப்பா,
எங்கள் இருவரையும் பார்க்காமல்:
"அனுபவிங்கடா."
வாழ்த்தா, சாபமா,
எழுத்துமூலமாக ஏதும் இல்லை.
வேதாசலமும் பக்கத்தில்தான் நின்றான்.
அவன் காதில் எது விழுந்ததோ.

வண்டி போனது. கேட் தூக்கினார்கள்.
பின்னால் மினி பஸ்காரன் ஹாரனில் கையை எடுக்கவில்லை.
மூன்றாவது உதையில் ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டது.
அணைத்துவிட்டு
இன்னொரு முறை உதைத்தேன்.